மும்பையில் கடைசி நாள்: ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் முதல் நாளைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, லோக்கல் ரயிலில் எப்படி ஏறுவது என்றெல்லாம் விசாரிப்பவர்கள் கடைசி நாளைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. ஆனால் சிரமம் முழுவதும் அன்றைக்குத்தான். நண்பகலில் விடுதி அறையைக் காலி செய்தாக வேண்டும். ரயில் இரவில். நடுவில் உள்ள நேரத்தை இரண்டு பெட்டி, வயதான அம்மா, தூக்கம் கேட்கும் குழந்தை ஆகியோருடன் தெருவில் கழிக்க வேண்டும். மாட்டுங்காவில் குடியிருந்துகொண்டு உறவினர்களை வழியனுப்புவதே வேலையாகிப்போன எனக்கு, இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

இரண்டு விதிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அன்றைய திட்டத்தைக் காலையிலிருந்து போடாதீர்கள். ரயிலோ விமானமோ கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். இரண்டாவது, எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறீர்களோ அந்தப் பக்கத்தை விட்டு அன்று நகராதீர்கள். மும்பை வடக்கு தெற்காக நீண்டு ஒடுங்கிய நகரம். காலையில் ஊரே தெற்கு நோக்கிப் போகிறது, மாலையில் ஊரே வடக்கு நோக்கித் திரும்புகிறது. அந்தக் கூட்டத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா, அதற்கு எதிர்த்திசையில் நிம்மதியாகப் போவதா என்பதை நீங்கள் முதல் நாள் இரவே முடிவு செய்துவிடலாம்.

முதலில் டிக்கெட்டை எடுத்து நிலையத்தின் பெயரைப் படியுங்கள்

சென்னை சென்ட்ரலில் பழகிய நமக்கு மும்பை சென்ட்ரல் என்ற பெயரைக் கேட்டதும் அதுதான் தலைமை நிலையம் என்று தோன்றிவிடும். டாக்ஸிக்காரரிடம் அவசரத்தில் 'சென்ட்ரல்' என்று சொல்லிவிட்டால் அவர் அங்கேதான் கொண்டுபோய் இறக்குவார். அது மேற்கு ரயில்வேயின் நிலையம். குஜராத், தில்லி பக்கம் போகிறவர்களுக்கானது. தமிழ்நாட்டுக்கு வழக்கமாகப் போகும் ரயில்கள் மத்திய ரயில்வேயின் மூன்று நிலையங்களிலிருந்து கிளம்புகின்றன.

சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்னும் சி.எஸ்.எம்.டி. தெற்கு முனையில் இருக்கிறது. சென்னை மெயில், நாகர்கோவில் ரயில்கள் இங்கிருந்துதான். பழைய பெயரான விக்டோரியா டெர்மினஸ் 1996-இல் மாறியது. 2017-இல் 'மகராஜ்' சேர்ந்தது. ஆனாலும் 'வி.டி.' என்று சொன்னால் இன்றும் எந்த டாக்ஸிக்காரருக்கும் புரியும். இங்கே 1 முதல் 7 வரையிலான நடைமேடைகள் லோக்கல் ரயில்களுக்கு, 8 முதல் 18 வரை வெளியூர் ரயில்களுக்கு.

தாதரிலிருந்து திருநெல்வேலி, புதுச்சேரி ரயில்கள் கிளம்புகின்றன. மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் சந்திக்கும் இடம் அது. முன்பு இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒன்றிலிருந்து எண் போட்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் அதை மாற்றி, மேற்குப் பக்கம் 1 முதல் 7, மத்தியப் பக்கம் 8 முதல் 14 என்று தொடர் எண்ணாக்கிவிட்டார்கள். பழைய எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள், பலகையைப் பாருங்கள்.

மூன்றாவது, லோகமான்ய திலகர் டெர்மினஸ். கோயம்புத்தூர், மதுரை ரயில்களுக்கு இங்கே வர வேண்டும். பேச்சு வழக்கில் குர்லா டெர்மினஸ். குர்லா லோக்கல் நிலையத்தில் இறங்கினால் டெர்மினஸ் அங்கேயே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் தனித்தனி இடங்கள். ஹார்பர் பாதையில் வரும் திலக் நகர் நிலையம்தான் பக்கம். பெட்டி கனமாக இருந்தால் எங்கிருந்து வந்தாலும் கடைசித் தூரத்துக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

விமானம் என்றால் இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. நவி மும்பையில் புதிய விமான நிலையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. பழைய மும்பை விமான நிலையத்திலும் முதலாம் டெர்மினல், இரண்டாம் டெர்மினல் என்று இரண்டு உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக முடியாது. எந்த விமான நிலையம், எந்த டெர்மினல் என்பதைத் தாளில் எழுதி, உங்களோடு வருகிறவரிடமும் ஒரு நகல் கொடுத்துவையுங்கள்.

முந்தைய இரவு

பெட்டி கட்டுவதை அன்றிரவே முடித்துவிடுங்கள். காலையில் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் அரை நாள் அதற்கே போய்விடும். படுக்கை வசதியிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஒருவர் கட்டணமின்றி 40 கிலோ வரை கொண்டுபோகலாம். மறுநாள் வாங்கப்போகும் பொருள்களுக்கு ஒரு மடிப்புப் பையை மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்புப் பட்டியலில் இருந்தால், பயணிகள் பட்டியல் இப்போது ரயில் கிளம்புவதற்குப் பத்து மணி நேரம் முன்பே தயாராகிவிடுகிறது. அதிகாலை 5 மணிக்கு மேல் பிற்பகல் 2 மணிக்குள் கிளம்பும் ரயில்களுக்கு முந்தைய இரவு 8 மணிக்கே. ஆகவே 'பார்த்துக்கொள்ளலாம்' என்று நிலையம் வரை போய் ஏமாற வேண்டியதில்லை. ஆன்லைன் டிக்கெட் பட்டியல் தயாரான பிறகும் காத்திருப்பிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயிலேற முடியாது.

சி.எஸ்.எம்.டி.யிலிருந்து கிளம்பும் ரயிலை, தாதரில் நிற்கும் என்பதற்காக அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று மாட்டுங்கா, சயான் பக்கம் தங்கியவர்கள் நினைப்பதுண்டு. தனியாகப் போகும் இளைஞர் என்றால் சரி. ஏறுமிடத்தைப் பட்டியல் தயாராவதற்கு முன்பே இணையத்தில் தாதர் என்று மாற்றிவிட்டுப் போகலாம். முதியவர்களும் நான்கைந்து மூட்டைகளும் இருந்தால் வேண்டவே வேண்டாம். தாதரில் ரயில் நிற்பது சில நிமிடங்கள்தான். சி.எஸ்.எம்.டி. ரயில் கிளம்பும் முனை. வண்டி முன்கூட்டியே வந்து நிற்கும். அம்மாவைக் கையைப் பிடித்து மெதுவாக ஏற்றி, பெட்டியை இருக்கைக்கடியில் தள்ளி, தண்ணீர் பாட்டில் வாங்கிவர நேரம் கிடைக்கும்.

கிழமையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பராமரிப்புக்காக லோக்கல் பாதைகளில் பகல் நேரத்தில் 'மெகா பிளாக்' இருக்கும். ரயில்கள் குறையும், சில பாதைகள் முழுதாக நிற்கும். எந்தப் பகுதியில் என்பது முன்கூட்டியே செய்தித்தாள்களில் வந்துவிடும். திங்கட்கிழமை எலிபெண்டா குகைகளுக்கு விடுமுறை. ஞாயிறன்று மங்கள்தாஸ் துணிச்சந்தை மூடியிருக்கும். வெள்ளியன்று சோர் பஜாரின் பழம்பொருள் கடைகள் மூடியிருக்கும்.

பெட்டியை எங்கே வைப்பது

பெட்டியோடு சுற்றுவது சுற்றலே அல்ல. பெரும்பாலான விடுதிகள் அறையைக் காலி செய்த பிறகும் மாலை வரை பெட்டியை வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும். ஆனால் விடுதி அந்தேரியில், ரயில் சி.எஸ்.எம்.டி.யில் என்றால் அந்தச் சலுகையை ஏற்காதீர்கள். பெட்டியை எடுக்க வடக்கே போய், மறுபடி தெற்கே வருவதற்குள் மாலை முழுவதும் சாலையில் கரைந்துவிடும். காலைக் கூட்டம் அடங்கிய பிறகு, பதினொன்று மணி வாக்கில், பெட்டியோடு நிலையத்துக்கே வந்து அங்குள்ள பொருள் பாதுகாப்பு அறையில் ஒப்படையுங்கள். டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் வாங்குவார்கள், ஆகவே ஜிப் வைத்த பைகளுக்குச் சின்னப் பூட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, போன் சார்ஜர், ஒரு மாற்றுச் சட்டை, டிக்கெட் ஆகியவை தோள்பையில் உங்களோடு இருக்கட்டும். ரசீதைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

சி.எஸ்.எம்.டி.யிலிருந்து இரவு ரயில் என்றால்

இதுதான் மும்பை தரும் மிக நல்ல கடைசி நாள். நகரத்தின் மிக அழகான பகுதி நிலையத்தின் வாசலிலேயே தொடங்குகிறது. எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம்.

பெட்டியை ஒப்படைத்ததும் வெளியே வந்து, சாலையைக் கடந்து, மாநகராட்சிக் கட்டடத்துப் பக்கம் நின்று நிலையத்தைத் திரும்பிப் பாருங்கள். தினமும் லட்சக்கணக்கானோர் தலை நிமிராமல் கடந்துபோகும் கட்டடம் இது. எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1888-இல் முடிந்தது; 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குவிமாடத்தின் உச்சியில் கையில் தீப்பந்தத்தோடு நிற்கும் பெண் 'முன்னேற்றம்'. வாயில் தூண்களில் ஒன்றின் மேல் சிங்கம், மற்றொன்றின் மேல் புலி. சிங்கம் பிரிட்டனுக்கு, புலி இந்தியாவுக்கு. குழந்தைகள் இருந்தால் சுவரில் செதுக்கியுள்ள பிராணிகளை எண்ணச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று இதன் பக்கத்திலிருந்த போரிபந்தரிலிருந்துதான் தாணேவுக்குப் போனது.

அங்கிருந்து தெற்கே, கோட்டைப் பகுதி வழியாகக் காலா கோடா வரை நடந்தால் சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகம். நடுப்பகல் வெயிலுக்கு இதைவிட நல்ல நிழல் கிடையாது. முழுவதையும் பார்க்க ஆசைப்படாமல், சிற்பக்கூடத்துக்கும் சிற்றோவியங்களுக்கும் நேரத்தைக் கொடுங்கள். பிறகு கேட்வே ஆஃப் இந்தியா. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பத் தொடங்கி 1924-இல் முடித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு 1948 பிப்ரவரி 28 அன்று இந்த வளைவின் வழியாகத்தான் கப்பலேறியது.

கேட்வேயில் நின்றதும் படகுக்காரர்கள் எலிபெண்டாவுக்கு அழைப்பார்கள். கடைசி நாளில் போகாதீர்கள். படகு போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், படியேறி இறங்க வேறு நேரம். திரும்பும் படகு தாமதமானால் கடலில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் குகையின் மூன்றுமுகச் சிவனுக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்தரைக்கு மேல் மரைன் டிரைவ். ஓவல் மைதானத்தின் குறுக்கே நடந்து போங்கள். ஒரு பக்கம் உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் முதலிய கோதிக் கட்டடங்கள், மறுபக்கம் ஆர்ட் டெக்கோ வீடுகள். இரண்டையும் சேர்த்துத்தான் 2018-இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. கடலோரச் சுவரில் உட்கார்ந்து சூரியன் மறைந்ததும் எழுந்துவிடுங்கள். சர்ச்கேட்டிலிருந்து சி.எஸ்.எம்.டி. நடக்கும் தூரம்தான், வயதானவர்களுக்கு டாக்ஸி. நிலையத்துக்கு எதிரே உள்ள ஆராம் கடையில் வடாபாவ் சாப்பிட்டுவிட்டு, ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

தாதர் அல்லது குர்லா டெர்மினஸ் என்றால்

தெற்கு மும்பையை மறந்துவிட்டு மாட்டுங்காவுக்கு வாருங்கள். நம் ஊருக்குப் போகிறவர் எதற்கு இட்லிக்காக மாட்டுங்கா வர வேண்டும் என்று கேட்பார்கள். காரணம் இருக்கிறது. ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்காரப்போகும் வயிற்றுக்கு அன்று புதிய சோதனை எதுவும் வேண்டாம். மேலும், பல தலைமுறையாகத் தமிழர்கள் கட்டி எழுப்பிய இடத்தைப் பார்க்காமல் போவது எனக்கு மனமுவந்த காரியம் அல்ல.

மத்தியப் பாதையில் மாட்டுங்கா நிலையத்தில் இறங்க வேண்டும். விரைவு லோக்கல்கள் இங்கே நிற்காது, ஸ்லோ ரயிலில் ஏறுங்கள். மேற்குப் பாதையில் உள்ள மாட்டுங்கா ரோடு வேறு. 2017-இல் நாட்டிலேயே முதன்முதலாக முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தத் தொடங்கிய நிலையம் மத்தியப் பாதையின் மாட்டுங்காதான். கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் பூக்கடைகளும் காய்கறிக் கடைகளும்.

கோயிலுக்கு முதலில் போங்கள், ஏனென்றால் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆஸ்திக சமாஜம் கோயிலில் தரிசனம் முடித்துவிட்டுப் பூக்கடைக்கு வரலாம். என் சித்தி ஊருக்குக் கிளம்பிய அன்று கட்டிய மல்லிகையைக் கேட்டார். பூக்கார அம்மா நூலைப் பல்லில் கடித்தபடியே கேட்டார்: "ரயிலுக்கா அக்கா? மல்லி ராத்திரியே வாடிவிடும். கனகாம்பரம் கட்டித் தருகிறேன், ஊர் போய்ச் சேரும் வரை நிற்கும்." ஈரத்துணியில் சுற்றி வாழையிலையில் மடித்துக் கொடுத்தார். அப்படியே நின்றது.

சாப்பாட்டுக்கு நிலையத்தருகே ராமநாயக் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங், 1942 முதல் இலைச் சாப்பாடு போடுகிறது. டிபன் போதும் என்றால் கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ், 1940-இல் தொடங்கியது. அங்கே ரசவடையைத் தவறவிடாதீர்கள். இரண்டிலும் வரிசை நிற்கும், பன்னிரண்டுக்குள் போய்விட்டால் நல்லது. திங்கட்கிழமை இரண்டுக்கும் விடுமுறை. இரவுக்கு ஒரு பொட்டலம் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள்.

பெட்டி போதவில்லை என்று தெரிந்தால், தாராவி பக்கத்தில்தான். சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் வரிசையாகத் தோல்பொருள் கடைகள். பை, இடைவார், பணப்பை எல்லாம் அங்கேயே செய்து விற்கிறார்கள். பலரிடம் தமிழிலேயே பேரம் பேசலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தாராவியில் ஏராளம்.

விமானம் என்றால்

தெற்கு மும்பையில் இருந்துகொண்டு மாலை விமானத்துக்குச் சாலை வழியாகக் கிளம்புவது வீடு திரும்பும் கூட்டத்தோடு போவது. அதற்கு இப்போது நல்ல மாற்று வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுமையாகத் திறக்கப்பட்ட மூன்றாம் எண் மெட்ரோ நிலத்தடியில் 33.5 கிலோமீட்டர் ஓடுகிறது, சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட், தாதர், இரண்டு விமான டெர்மினல்கள் எல்லாவற்றையும் தொடுகிறது. பெரிய பெட்டி ஒன்றுக்கு மேல் இல்லாதவர்களுக்கு நான் இதையே சொல்வேன். நவி மும்பை விமானம் என்றால் மெட்ரோவை மறந்துவிட்டு டாக்ஸி வையுங்கள். சிவ்ரியில் ஏறினால் 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது பாலம் கடலைக் கடத்திவிடும்.

ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் கைப்பையில் வந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அவற்றைப் பெரிய பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

எதை வாங்கிப் போவது

நம் ஊரில் கிடைக்காததை வாங்குங்கள். என் முதல் தேர்வு மாஹிம் அல்வா. அல்வா என்றதும் திருநெல்வேலி நினைப்பில் கையை நீட்டாதீர்கள். இது சதுரமாக வெட்டிய மெல்லிய தகடு, அப்பளத்தைப் போல அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் ஒரு வெண்ணெய்த் தாள். மேலே குங்குமப்பூவின் மஞ்சள், பாதாம் சீவல், ஏலக்காய் மணம். தாளிலிருந்து மெதுவாக உரித்து வாயில் போட்டால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு கரையும். எண்ணெய் ஒழுகாது, சில நாள் கெடாது, பெட்டியில் தட்டையாகக் கிடக்கும். ரயில் பயணத்துக்கென்றே செய்தது போன்ற இனிப்பு. அடுத்து, வடாபாவுக்குப் போடும் காய்ந்த பூண்டுச் சட்னிப் பொடி, இட்லிக்கும் ஒத்துப்போகும்.

ஏப்ரல், மே மாதங்களில் கிளம்பினால் அல்போன்சா மாம்பழத்துக்குக் கிராஃபோர்டு மார்க்கெட். 1869-இல் கட்டிய சந்தை அது. வைக்கோல் பரப்பிய பெட்டியைக் கடைக்காரர் திறந்ததும் மேல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். கீழ் வரிசையிலிருந்தும் ஒன்றை எடுத்துத் தரச் சொல்லி, காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். மணம் அங்கேதான் தெரியும். நீண்ட பயணத்துக்குப் பாதி பழுத்ததே சரி. பிளாஸ்டிக்கில் கட்டாமல் அட்டைப்பெட்டியிலேயே காற்றாட இருக்கைக்கடியில் வையுங்கள். கருவாடு வாங்க ஆசையிருந்தால் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள்; அந்த ஏ.சி. பெட்டியில் இன்னும் பலர் பயணம் செய்கிறார்கள்.

நிலையத்துக்குப் போகும் நேரம்

மாலையில் மாட்டுங்காவிலிருந்து சி.எஸ்.எம்.டி. போவதென்றால் லோக்கல் ரயிலே சௌகரியம், கூட்டம் எதிர்த்திசையில் வரும். அதே மாலையில் சி.எஸ்.எம்.டி.யிலிருந்து குர்லாவுக்குப் பெட்டியோடு லோக்கலில் ஏறவே கூடாது. தாதரில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் தள்ளுவதால் குழந்தையும் பெட்டியும் பிரிந்துவிடும் அபாயம் உண்டு. டாக்ஸி வைத்துவிடுங்கள்.

சயான், பாந்த்ராவுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாது. ஆட்டோக்காரர் அங்கேயே இறக்கிவிட்டால் அவரோடு சண்டை வேண்டாம், சட்டமே அப்படி. அதற்கு மேல் கருப்பு மஞ்சள் டாக்ஸிதான். 2025 பிப்ரவரி நிலவரப்படி முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு டாக்ஸிக்கு 31 ரூபாய், ஆட்டோவுக்கு 26. மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள். பெரிய நிலையங்களின் வாசலில் மொத்தமாக ஒரு தொகை கேட்பவரை விட்டுவிட்டுச் சாலைக்கு வந்தால் மீட்டர் போடுகிறவர் கிடைப்பார்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை எல்லாக் கணக்கையும் இரட்டிப்பாக்குங்கள். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் நீர் வடிய வழியில்லாமல் ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், சயான், குர்லா முழங்கால் தண்ணீரில் நிற்கும். லோக்கலும் நின்றுவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. கடல் ஏற்ற நேரங்கள் செய்தித்தாளில் வரும். உங்கள் பயண நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மழை வலுத்தால் மதியமே நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுங்கள். ரயில் தாமதமா என்பதை 139-இல் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் தாமதம் என்று சொன்னதை நம்பி வெளியே போய்விடாதீர்கள்.

ஏறிய பிறகு

புனே, சோலாப்பூர் வழியாகப் போகும் ரயில்கள் கர்ஜத்தில் நிற்கும். போர் காட் மலைச்சரிவு ஏறுவதற்குப் பின்பக்கம் கூடுதல் என்ஜின்கள் கோர்ப்பார்கள். அந்த இடைவெளியில் நடைமேடையில் சூடான வடாபாவ் கிடைக்கும். இறங்காமல் ஜன்னல் வழியாகவோ கதவருகிலோ வாங்கிக்கொள்ளுங்கள், சில்லறை கையில் இருக்கட்டும். பகல் ரயில் என்றால் அங்கிருந்து லோனாவலா வரை போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். மழைக்காலத்தில் சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவே அருவி அருவியாக இறங்கும். இரவு ரயில்காரர்கள் கர்ஜத்துக்காக விழித்திருக்க வேண்டாம். தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, பெட்டியை இருக்கைக்கடியில் சங்கிலியால் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள்.